குருத்தில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் அத்தா சவுதியிலிருந்து திரும்பி வந்தபோது, மற்ற வீட்டு அத்தாக்களைப் போல டேப் ரெக்கார்டர் கொண்டு வரவில்லை. ஈரச் சாக்கில் சுற்றிய ஐந்து பேரீச்சங்கன்றுகளைக் கொண்டு வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் "எங்க அத்தா வர்றாங்க, டேப் வருது" என்று பீற்றி வைத்திருந்தேன். மானம் போய், இரண்டு நாள் வாசல் பக்கமே தலைகாட்டவில்லை.

"அப்படியே ஒரு ஒட்டகத்தையும் ஓட்டிக்கிட்டு வந்திருக்கலாமே மச்சான்" என்றார் மாமா. அவர் என் அம்மாவின் தம்பி. அத்தா கோபப்படவில்லை. நான்கு வருஷம் அங்கே பேரீச்சந் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் அவர். திருச்சியில் இல்லாத வெயிலா அங்கே அடிக்கிறது என்பது அவர் கட்சி.

மாமா கையில் இன்னொரு விசா தயாராக இருந்தது. அத்தா அவரிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "நாப்பது நாள் பொறுப்பா. கன்னு புதுக் குருத்து விட்டுடுச்சுன்னா நான் எங்கயும் போகல. இல்லேன்னா நீ சொல்ற பிளேன்ல ஏறிடறேன்."

கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவும் நானும் இதைக் கேட்டோம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அந்த நிமிஷத்திலிருந்து டேப் ரெக்கார்டரை மறந்தேன். கன்று பிழைத்தால் அத்தா வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் எனக்குக் கணக்கு.

மணப்பாறை ரோட்டில் அத்தாவுக்குப் பங்காக வந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. கருவேலமும் சரளைக்கல்லும்தான் அதில் விளைச்சல். முழுப்பரீட்சை லீவு என்பதால் தினமும் முதல் பஸ்ஸில் என்னையும் கூட்டிப்போவார். ஒவ்வொரு கன்றையும் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டி, வைக்கோல் பரப்பி, பனை ஓலையில் நிழல் கட்டியிருந்தார். பக்கத்துக் கிணற்றில் இறைத்து, குடம் குடமாகச் சுமந்து, பாத்தியில் ஊற்றுவார். பிறகு பாத்திக்குள் இறங்கி, இளகிய மண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார். வேர்ப்பக்கம் காற்றுப் புகுந்தால் கன்று செத்துவிடுமாம். முதல் நாற்பது நாள் ஒரு நாள்கூட ஈரம் காயக்கூடாதாம். மே மாத வெயில், ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போகும். முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ள, அவர் மறுபடியும் கிணற்றுக்கு நடப்பார்.

அம்மா சும்மா இருப்பாளா? தர்காவுக்குப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள். ஆனால் சவுதி போய் வந்தபின் அத்தாவுக்குத் தர்கா, ஓதிய தண்ணீர், தாயத்து எதுவும் ஆகாது. அந்தப் பேச்சு எடுத்தாலே வீட்டில் சண்டைதான். அதனால் இருமல் மருந்து பாட்டிலில் அடைத்து, என் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக் கொடுத்தாள்.

"அத்தாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாரு. ஒரு மூடி எடுத்து ஒரு செம்புத் தண்ணில கலந்து ஊத்து, போதும். காலு படுற எடத்துல மட்டும் ஊத்திடாத தங்கம், பாவம்."

நான் என்ன செய்வேன்? பாத்தி முழுக்க அத்தாவின் கால் தடம். கால் படாத இடம் என்று பார்த்தால், கன்றின் உச்சியில் ஓலைகளுக்கு நடுவே உள்ள குருத்து ஒன்றுதான். அது குழிவாக, கிண்ணம் மாதிரி இருந்தது. அத்தா மதியம் வேப்பமரத்தடியில் தொழப் போகும்போது, பிஸ்மில்லா சொல்லி, ஐந்து கன்றின் குருத்திலும் தளும்பத் தளும்ப ஊற்றினேன். நாற்பது நாளும் தவறவில்லை. படிப்பில்கூட அத்தனை ஒழுங்காக நான் இருந்ததில்லை.

நாற்பதாம் நாள் மாமாவும் வந்திருந்தார். அத்தா முதல் கன்றின் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கொழகொழவென்று கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தும் அப்படியே. பாத்தி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"குருத்து அழுகிருக்கு. மேல தண்ணி நின்னாத்தான் இப்படி ஆகும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ எதுவும் மேல ஊத்துனியாம்மா? ஊத்தியிருந்தா சொல்லு. கைத்தப்புன்னா மறுபடி வச்சிப் பாக்கலாம். இல்லேன்னா நம்ம மண்ணு இதுக்கு ஒத்துக்கலேன்னு அர்த்தம்."

அவர் அதட்டவே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சை அறுப்பது அதுதான். ஆனால் என் காதில் 'தப்பு' மட்டும்தான் விழுந்தது. பாட்டில், தர்கா, அம்மா, சண்டை என்று வரிசையாகக் கண்முன் ஓடின.

"இல்லத்தா" என்றேன்.

"விடுங்க மச்சான், அல்லா நாட்டம்" என்றார் மாமா. அத்தா எழுந்து, கட்டியிருந்த பனை ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். அந்த வாரமே கிளம்பினார். போன இடத்தில் பதினோரு வருஷம், அடுத்தவன் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினார். இடையில் நான்கு தடவை லீவில் வந்தார். யாராவது பேரீச்சையைப் பற்றிக் கேட்டால், "நம்ம மண்ணுல அது வராதுங்க" என்று அவரே சொல்வார். கடைசியில் அவர் இறந்தபோது மய்யித்தின் முகத்தைக்கூட எங்களால் பார்க்க முடியவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி அம்மாவிடம் நான் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாரம் அவர் கிளம்பிய அன்று, ஜங்ஷனில் மெட்ராஸ் ரயில் நகர்ந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகைதான், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரமாய்ப் பெருமை இருந்தது. அம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை, வீட்டில் சண்டை வரவில்லை, எல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த அத்தாவுக்குக் கை வலிக்க வலிக்க டாட்டா காட்டினேன்.