குளிர் போகாத பூனைக்கதவு

மனைவியையும் இறாலையும் ஒரே மாதிரி பாதுகாக்கலாம் என்று நம்பிய முட்டாள் தூத்துக்குடி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம். தலைவர் பதவி மட்டும் எனக்கு.

ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கோல்டு ஸ்டோரேஜில் நான் சூப்பர்வைசர். கதவு ஒழுங்காக மூடுகிறதா, குளிர் வெளியே போகிறதா, அனல் உள்ளே வருகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு இறால்கூட என்னைப் பற்றிக் குறை சொன்னதில்லை. செத்த இறால் எப்படிக் குறை சொல்லும் என்று யோசிக்கத்தான் எனக்குத் துப்பில்லை.

வீடு முத்தையாபுரத்தில். படுக்கையறையின் பின்கதவு மேற்கே பார்த்தது. கோடையில் கச்சான் காற்று, அதாவது மேற்கேயிருந்து வரும் காய்ந்த காற்று, அடிக்க ஆரம்பித்தால் அந்தக் கதவுப் பக்கம் நிற்க முடியாது. செங்கல் சூளைக்கு வாசல் வைத்த மாதிரி இருக்கும். கூடவே உப்பளத்துப் பொடியும் வந்து படியில் வெள்ளையாகப் படியும்.

மகள் கல்யாணமாகி தோஹா போன பிறகு என் மனைவிக்கு அந்த வயதில் வரும் உடம்புக் கொதிப்பு ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று வேர்த்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். "உள்ளுக்குள்ள யாரோ அடுப்பப் பத்த வைக்கா" என்பாள். அவளுக்காகத்தான் ஏசி வாங்கினோம். முதல் நாள் மத்தியானம் அதற்குக் கீழே படுத்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு, கல்யாண போட்டோவில்கூட இல்லை.

சிக்கல் பூனையால் வந்தது. பூனையைச் சொல்வது தப்பு, சரி, பூனையை வைத்து வந்தது. மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து புத்தகப் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி அது. இப்போது கிழவி. பெயர் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி என் மனைவி "ஏளா" என்றால் வரும், நான் என்ன சொன்னாலும் வராது. மகள் போன பிறகு மத்தியானம் மனைவியின் காலடியில் அது படுக்கும், அதன் முதுகில் கால்விரலை வைத்துக்கொண்டு இவள் தூங்குவாள். அப்படிப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. அந்த வீட்டில் மகளுடைய மிச்சம் என்று உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் பூனைக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாதே. உள்ளே வரக் கத்தும், வெளியே போகக் கத்தும். மனைவி எழுந்து எழுந்து பின்கதவைத் திறப்பாள். நான் படுத்தபடியே மனைவியைப் பார்த்துக் கத்துவேன்: "ஏளா, அடை அடை, குளிர் போயிரும்!"

"நீங்க எந்திரிச்சு அடைங்களேன்" என்பாள். அது நியாயமான யோசனை என்பதால் நான் கேட்கவில்லை.

கடைசியில் கதவின் அடியில் பூனைக்கு ஒரு ஓட்டை போடுவது என்று முடிவாயிற்று. ஆசாரி வந்து, "அண்ணாச்சி, பூனைக்குத்தானா, இல்ல நீங்களும் போயிட்டு வரணுமா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டு அளவாக வெட்டிக் கொடுத்தார். மனைவி தன்னுடைய பழைய சேலையை நாலாக மடித்துத் தைத்து அதில் திரையாகத் தொங்கவிட்டாள். பூனை மூக்கால் விலக்கிக்கொண்டு ராணி மாதிரி போய்வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்கே என் கையை யாராவது கட்டிப் போட்டிருக்கலாம்.

மறுநாள் தரையில் குனிந்து ஓட்டைக்கு நேரே ஊதுபத்தியைக் காட்டினேன். காற்று ஒழுகுகிறதா என்று வேலையில் நாங்கள் பார்க்கும் வழி அது. புகை நெட்டுக்கு நின்றால் கதவு சரி. இங்கே புகை பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஒரு பக்கம் அனலும் உப்புப் பொடியும் உள்ளே வருகின்றன. இன்னொரு பக்கம் குளிர், அதற்குக் கனம் ஜாஸ்தி, தரையோடு தரையாக வழிந்து அதே ஓட்டை வழியாகப் போகிறது. என் தொழில் மானமே ஒழுகிப்போவது மாதிரி இருந்தது.

"என்னத்த செய்யுதிய? கதவுக்குப் பூசையா?" என்றாள் மனைவி.

"குளிர் போவுது."

"போனாப் போவட்டும். உப்பளத்துக்காரங்களும் கொஞ்சம் குளிரட்டும்."

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் பட்டைத் திரையில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து, சேலைத்துணியை எடுத்துவிட்டு மாட்டினேன். கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் தோரணம் மாதிரி தொங்குமே, அது. அதில் பல வருஷத்து இறால் வாசனை ஊறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வாசனையிலேயே வாழ்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பூனை உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நடுவில் உட்கார்ந்து பட்டையை நக்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் தெருப்பூனைகள் எல்லாம் பின்கதவில் கூடிவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இங்கன மீன் ஏலம் போடுதியளா?" என்று கேட்டாள். என் மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தக் கதவை வைத்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பட்டையைக் கழற்றிப் போட்டேன். அடுத்து நானே ஒரு சின்னக் கதவு செய்தேன். கனமான பலகை, மேலே கீல், சுற்றிலும் கோல்டு ஸ்டோரேஜ் கதவில் இடுக்கை அடைக்கப் போடுகிற ரப்பர் கேஸ்கட், கீழே ஒட்டிப் பிடிக்க இரண்டு காந்தம். மூடினால் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. ஊதுபத்தியைக் காட்டினேன். புகை விளக்குக் கம்பம் மாதிரி நின்றது.

"ஏளா, இங்க வந்து பாரு! எப்படி நிக்கி பாரு!"

அவள் புகையைப் பார்க்கவில்லை. சின்னக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தாள். "பூனை கிழடுல்லா. இத எப்படித் தள்ளும்?"

"பழகிரும்."

பொரித்த நெத்திலியைக் காட்டிக் காட்டிப் பூனையைத் தள்ளவைத்தேன். தலையைக் கொடுத்து முட்டி ஒரு தடவை உள்ளே வந்தது. வந்ததும் பின்னால் டக்கென்று கதவு விழ, துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "காந்தத்தை எடுத்துருங்க" என்றாள் மனைவி. "எடுத்தா குளிர் போயிரும், பழகிரும்" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு முட்டாள்தனத்தையும் சொல்லி முடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் அடித்து ஊற்றியது. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஏசியைப் போட்டுப் படுத்தோம். பூனை வெளியே எங்கேயோ போயிருந்தது. அறை அப்படிக் குளிர்ந்து நான் பார்த்ததில்லை. காற்றுச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. நான் செய்த கதவு குளிரை மட்டுமா நிறுத்தும்? மனைவி கொஞ்ச நேரம் காலால் துழாவிப் பார்த்துவிட்டு, அசதியில் தூங்கிப்போனாள்.

எழுந்ததும் அவள்தான் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். நானும் போய்ப் பார்த்தேன். படியில் படிந்திருந்த வெள்ளைப் பொடியில் பூனையின் கால்தடம். ஒன்றிரண்டு இல்லை, ஓட்டைக்கு முன்னால் போவதும் வருவதுமாகப் படி முழுக்க மிதித்து வைத்திருந்தது. சின்னக் கதவின் கீழ்ப்பக்கத்தில் பெயிண்ட் உரிந்து புதுக் கீறல்கள்.

"கத்திருக்கும்" என்றாள். "நமக்குக் கேக்கல."

கோல்டு ஸ்டோரேஜில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கதவை மூடுவதற்கு முன்னால் சத்தமாக "உள்ள யாரும் இருக்கியளா?" என்று கேட்க வேண்டும். பதில் வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் மூட வேண்டும். உள்ளே ஈ காக்கா இல்லை என்று தெரிந்தாலும் கேட்பேன். தூக்கத்தில்கூடக் கேட்பேன் என்று மகள் கேலி செய்வாள். இறால் பெட்டிகளைப் பார்த்து ஆயிரம் தடவை கேட்டவன், வீட்டுக் கதவை அடைக்கும்போது வெளியே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

மதில் ஓரமாகப் போய்க் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், "எங்கன போவும்? இங்கன தண்ணித் தொட்டிக்கு அடியில கெடக்கு. நாக்கத் தள்ளிக்கிட்டு வந்துது. தண்ணி வச்சேன், குடிச்சுது. நல்லாத்தான் இருக்கு." உயிர் வந்தது எனக்கு. என் மனைவி போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். என் பின்கதவைப் பார்த்ததும் அது அவள் கையிலிருந்து நழுவி, வீட்டைச் சுற்றிப்போய் அடுக்களை வாசலில் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே காந்தத்தைப் பிடுங்கினேன். பூனை வரவில்லை. கேஸ்கட்டை உரித்தேன். வரவில்லை. பலகையையும் கழற்றிவிட்டு, பழைய சேலைத்துணியைத் தேடி எடுத்து, துவைத்துத் திரும்ப மாட்டினேன். பூனை முற்றத்தில் உட்கார்ந்து அந்த ஓட்டையைத் தூரத்திலிருந்து பார்க்கும். நெத்திலியை வைத்தால் தெருப்பூனைதான் தின்னும். ஓட்டை பழைய ஓட்டைதான், துணியும் பழைய துணிதான். பூனைக்கு நம்பிக்கை போய்விட்டது. போன நம்பிக்கைக்கு என்ன கேஸ்கட் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு பேசி, பிறகு காப்பி போட்டுக் கொடுத்துச் சமாதானமாகியிருப்பேன். மறுநாள் மத்தியானம் பாயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அந்தக் கதவைத் திறந்துபோட்டு, வாசலை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் பூனை படியேறி வந்து அவள் காலடியில் சுருண்டது. அன்று முதல் அவளுக்கு அங்கேதான் மத்தியானத் தூக்கம். மகள் வீடியோவில் கூப்பிட்டால் போனைப் பூனைப் பக்கமே திருப்பிப் பிடித்துக்கொள்வாள். வேர்த்த முகம் மகளுக்குத் தெரியக்கூடாது என்று.

யாருக்காக அந்த ஏசியை வாங்கினோமோ அவள் அடுக்களை அனலில் முந்தானையால் விசிறிக்கொண்டு கிடக்கிறாள். நான் அறைக்குள் தனியாக, நல்ல சரக்கு மாதிரி, கெடாமல் கிடக்கிறேன்.

நேற்று மத்தியானம் பொறுக்க முடியவில்லை. சேலைத்துணியையும் தூக்கிக் கட்டிவிட்டு, ஓட்டையை வாய் பிளந்தபடி திறந்துபோட்டு, ஏசியையும் போட்டேன். குளிர் தரையோடு தரையாக வெளியே ஓடியது. உப்பளம் வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். அடுக்களை வாசலுக்குப் போய் நின்றேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், கழுத்தெல்லாம் வேர்வை. கால்விரல் பூனையின் முதுகில் இருந்தது. பூனை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"ஏளா, எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஓட்டை சும்மா திறந்துதான் கெடக்கு. ரெண்டு பேரும் உள்ள வந்து படுங்களேன்."

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"குளிர் போயிரும், அடைச்சுட்டுப் படுங்க."