நிறுத்தி வைத்த வண்டியில் ஒரு வாரம்

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு ஆட்களைக் கண்ணாடியில்தான் தெரியும். ஏறும்போது ஒரு தலை, இறங்கும்போது ஒரு முதுகு. நடுவில் உள்ள வாழ்க்கையெல்லாம் தலைக்கு மேலே தொங்கும் அந்தக் கண்ணாடிக்குள் நடக்கிறது. மாடசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்ததும் அதற்குள்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் இருந்த போனைப் பார்த்து, "நாளைக்கு வீடியோ கிடையாது மக்களே, நல்லாத் தூங்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் பேசியது வரப்போகும் வெள்ளிக்கிழமைக்காக.

ஷிஃப்ட் பஸ்ஸில் தூங்கி, முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், மேற்கொண்டு நான் சொல்வதை நம்புவீர்கள்.

கேட்டுக்கு வெளியே

மாடசாமி சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். குன்றத்தூரில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தான். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொருவர் போனையும் வாங்கி, கேமராக் கண்ணில் வட்டமாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வேலை முடிந்து வெளியே வந்துதான் கிழிக்கலாம். உள்ளே என்ன செய்கிறோம் என்று ஒருவராலும் படம் எடுக்க முடியாது.

அதனால் மாடசாமி தன் வேலையைப் பற்றிய வீடியோக்களை என் பஸ்ஸில் எடுத்தான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, "ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியாச்சு மக்களே" என்று தொடங்கி, சூப்பர்வைசர் திட்டியது, ஓ.டி. பார்த்தது, கேன்டீன் சாம்பார் என்று எல்லாவற்றையும் பேசுவான். தினமும் காலை ஆறு மணிக்குப் போட்டுவிடுவான். பார்க்க நிறைய பேர் இருந்தார்கள். லைனில் நிற்கும் மாடசாமியை அவர்கள் யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஒருநாள், அப்படி உள்ளே என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். "ஒரே ஸ்குருவ முடுக்குதேன் அண்ணாச்சி. அதச் சொன்னா எவன் பாப்பான்?"

ஐந்து சட்டைகள்

எனக்கு வீட்டில் காத்திருக்க ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிற்கும் மைதானத்துக்குப் போய் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிறு காலை மாடசாமி ஒரு பையோடு வந்தான். பைக்குள் ஐந்து சட்டைகள். காலையில் தூக்கக் கலக்கத்தில் பேச வரவில்லை, வண்டி ஆட்டத்தில் படமும் சரியாக இல்லை, அதனால் வாரம் முழுவதையும் இன்றே எடுத்துவிடலாம் என்றான்.

எனக்கும் பொழுது போக வேண்டுமே. எஞ்சினைப் போட்டேன், வண்டி லேசாக நடுங்கியது. ஜன்னல் திரையை முக்கால்வாசி இழுத்துவிட்டான். நான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினேன், ஒரு தடவை ஹாரன்கூட அடித்தேன். அவன் சட்டை மாற்றி மாற்றி வாழாத நாட்களைப் பற்றிப் பேசினான். புதன்கிழமைச் சட்டையில், "நேத்து பேஞ்ச மழையில நனைஞ்சு போய்ட்டேன் மக்களே" என்று தும்மினான். எங்கேடா மழை என்று கேட்டேன். "மழைக்காலந்தான அண்ணாச்சி, எங்கயாவது பேயும்."

ஒவ்வொன்றும் தானாக வெளியாகும்படி நாளும் நேரமும் குறித்துப் போனில் வைத்துவிட்டுக் கிளம்பினான். அன்று மதியம் ரூம் நண்பனின் பைக்கில் போகும்போது, படப்பை தாண்டி ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கியது. நண்பனுக்குக் கையில் சிராய்ப்பு. மாடசாமி எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை

மறுநாள் காலை பஸ் வழக்கம்போலக் கிளம்பியது. மாடசாமியின் ஜன்னலோர சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதற்கு அடுத்த சீட்டில் வேலு இருந்தான். மணிமங்கலத்துக்காரன், மாடசாமியோடு ஒரே லைனில் நின்றவன், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன். படப்பைக்கு முந்தின வளைவில் பின்னால் எங்கோ ஒரு போன் பேசியது. "காலை வணக்கம் மக்களே. திங்கக்கிழமை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியாச்சு." அடுத்து இன்னொரு போன். பிறகு நாலைந்து போன்களில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதே குரல், பஸ் முழுக்க அவனே உட்கார்ந்திருப்பதுபோல.

என் கண் தானாக மேலே போனது. வண்டி இடதுபுறம் மண்ணில் இறங்கியது. வேலு எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். "அண்ணா, கண்ணாடிய பாக்காத. ரோட்ட பாரு."

பார்த்து ஓட்டுங்கள்

செவ்வாய்க்கிழமை வீடியோவில் நானும் இருந்தேன். "டிரைவர் அண்ணாச்சி, இன்னிக்கு ஏன் இந்த வேகம்?" என்று அவன் கேட்க, நான் திரும்பாமல் கையை உயர்த்திச் சிரிக்கிறேன். முந்தின நாளே அவனைத் தகனம் செய்துவிட்டார்கள் என்ற செய்தி வந்திருந்தது; அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் கீழே தள்ளினேன். அடியில் முன்பின் தெரியாதவர்கள், டிரைவர் அண்ணா சூப்பர், பார்த்து ஓட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

வேலுவுக்குப் பொறுக்கவில்லை. மாடசாமி இறந்துவிட்டான், இது முன்னாடியே எடுத்தது என்று அவர்களுக்குக் கீழே எழுதினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. வேலு அதை எனக்குப் படித்துக் காட்டினான். "நல்லா சிரிச்சு பேசினு இருக்க ஆளப் போய் செத்துட்டான்னு சொல்ற. அவன் பேர்ல நீ வியூஸ் பாக்குறியா?"

மழை

அன்று சாயங்காலம் மழை பெய்தது. ஒரகடம் கூட்ரோட்டில் தண்ணீர் நின்றது. கேட்டிலிருந்து பஸ்ஸுக்கு ஓடி வருவதற்குள் எல்லாரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தப் புதன்கிழமைச் சட்டை நினைவுக்கு வந்தது. வைப்பரைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வீடியோ வந்தது. வேலு முழுவதும் பார்த்தான். போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தான். "நனைஞ்சது நானுண்ணா. தும்முறது அவன்."

எத்தனை இருக்கு

வியாழக்கிழமை பார்க்கிங்கில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது. மாடசாமியின் அம்மா. வேலுவிடம் நம்பர் வாங்கியிருந்தார். மகனுடைய போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகும் வீடியோ வருகிறதே என்று கேட்டார். அது தானாக ஏறிவிடும் என்றேன்.

"எங்க தெருவுல ஒரு பையன் மிச்சத்த நிப்பாட்டிருதேங்கான். நிப்பாட்டவா, விடவான்னு தெரியல. நீங்க கூட இருந்தீயளாமே."

என் மனைவியின் குரல் எதிலும் பதிந்திருக்கவில்லை. அவள் இருந்தபோது அப்படி ஒன்றைச் செய்யவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நிறுத்த வேண்டாம் அம்மா என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார். "இன்னும் எத்தன இருக்கு அண்ணாச்சி?"

ஒன்றுதான், வெள்ளைச் சட்டை என்றேன். "அது பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது."

வெள்ளிக்கிழமை

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலு வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். எப்போதும் லேட்டாகிவிடும் என்று கத்துகிறவர்கள்கூட அவரவர் போனைக் கையில் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான், பேசினான், நல்லாத் தூங்கப் போறேன் என்றான். நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஜன்னலோர சீட்டின் திரை முக்கால்வாசி இழுத்து விடப்பட்டிருந்தது. இழுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

ஆட்களை இறக்கிவிட்டு வந்ததும் அவன் அம்மா மறுபடி பேசினார். அவர் எதையாவது தப்பாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாதே என்று, அது ஓடுகிற வண்டி இல்லை அம்மா என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி. தெரைக்குப் பக்கத்துல ஒரு வேப்பமரம் நின்ன எடத்துலயே நிக்கே. ஓடுத வண்டியில போன வச்சிக்கிட்டுப் பேசாதலன்னு நாளெல்லாம் ஏசுவேன். இந்த வாரந்தான் நிக்க வண்டியில பேசுதான்னு பயமில்லாமப் பாத்தேன்."

இத்தனை வருஷம் ஓட்டியதில் ஊரே பாராட்டியது நகராத வண்டியை நான் ஓட்டியதைத்தான். அந்த ஐந்து வீடியோக்களும் இன்னும் இருக்கின்றன, ஐந்திலும் வேப்பமரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.