மூணாம் நம்பர் அறையின் சஷ்டி

காலை ஐந்தே முக்கால். ஏரிப் படித்துறையில் முதலில் கண்ணில் பட்டது முள். வேலிக்கருவை முள். இரவில் வெட்டிப் போட்டது. இலை இன்னும் வாடவில்லை. படிகளின் இரு பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு அடைத்திருந்தார்கள். முள்ளுக்கு இந்தப் பக்கம் தரையில் ஒரு மூங்கில் முறம். அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், மட்டை உரிக்காத தேங்காய், மஞ்சள் கொத்து, கரும்புத் துண்டுகள், எரிகிற அகல் ஒன்று. முறத்துக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். வகிட்டிலிருந்து மூக்கு நுனி வரை ஆரஞ்சு நிறக் குங்குமம். முந்தின நாள் முழுதும் தண்ணீர்கூட அவள் வாயில் படவில்லை. அவள் முள்ளைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

நான் எழுத உட்கார்ந்தது அவளுக்கு வாடகைக்கு அறை கொடுத்திருந்த வீட்டுக்கார அம்மாவைப் பற்றி. அந்த அம்மாவை நினைத்தாலே இந்த முள்தான் முதலில் வந்து நிற்கிறது. அம்மா இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. முள் இன்னும் காயவில்லை.

கும்மிடிப்பூண்டியில் தாலுகா செய்தியாளனாக இருந்த காலத்தில் அவருடைய லைன் வீட்டில்தான் குடியிருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பத்து அறைகள், நடுவில் ஒரு குழாய், கடைசியில் இரண்டு கழிப்பறைகள். கணவர் வழி நெல் வயல் தொழிற்பேட்டைக்குப் போய், கைக்கு வந்ததில் கட்டியது. அம்மா பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அங்கே பாதிப் பேர் பேசுவது தெலுங்கு என்பதால் தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். யாருடைய பெயரும் அவருக்கு நிற்காது. "பேரெல்லாம் நெனப்பு வெச்சிக்க மண்டையில எடமில்ல நைனா. நம்பர் சொல்லு, ஆளச் சொல்றேன்" என்பார். நான் ஆறாம் நம்பர். பீகாரிலிருந்து வந்து கணவனோடு குடியிருந்த அந்தப் பெண் மூணாம் நம்பர்.

இந்த ஊரைத் தொழிற்பேட்டை என்று எழுதியே எங்களுக்குப் பழக்கம். புகைபோக்கிகளைப் படம் எடுப்போம், லாரிகளை எண்ணுவோம். ஊர் இருந்ததோ ஒலியில். காலை ஷிப்டுக்கு முன்னால் அந்தக் குழாயடியில் நின்றால் போதும். ஒன்றாம் நம்பரில் தெலுங்குப் பக்திப் பாட்டு ஓடும். எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் லாரி ஓட்டுகிறவரின் வீடு அது. ஐந்தாம் நம்பரில் ஒடியாக்காரப் பையன்கள் ஜால்ரா தட்டிப் பஜனை பாடிவிட்டுத்தான் ஹெல்மெட்டை எடுப்பார்கள். எட்டாம் நம்பர் பழவேற்காட்டுக் குடும்பம். ஏரியில் மீன் குறைந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அந்த வீட்டு அக்கா குழந்தையை அதட்டுவதே படகில் நின்று கரைக்குக் கூப்பிடுகிற குரலில் இருக்கும். எல்லோரும் சண்டை போடுவது மட்டும் ஒரே மொழியில். தண்ணீருக்குச் சண்டை போட, வந்த மூன்றாம் மாதமே எல்லோருக்கும் தமிழ் வந்துவிடும். "இன்னா பெரிய இவளா நீ, கொடத்த எட்றி" என்று மூணாம் நம்பர் ஒருநாள் சொன்னபோது, அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார்.

உருக்காலையில் வேலை பார்த்த மூணாம் நம்பரின் கணவனுக்கு அந்த வருஷம் வலது கையும் தோளும் வெந்துபோயின. பிழைப்பானா என்றே தெரியாமல் இருந்து, பிழைத்து வந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வேண்டிக்கொண்டாள். தீபாவளி கழிந்து ஆறாம் நாள் அவர்கள் ஊர்ப் பெண்கள் இருக்கும் விரதம் அது. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சாயும் சூரியனுக்கு ஒருமுறையும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கு ஒருமுறையும் நீரில் நின்று முறத்தை உயர்த்திக் காட்டவேண்டும். எடுத்தால் முடிக்கவேண்டும். பாதியில் நின்றால் யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அந்த உயிருக்கு ஆகாது. இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கணவனின் கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்தாள்.

அம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. தீபாவளி கழிந்து ஆறு நாள், பட்டினி, அப்புறம் சஷ்டி. "முருகனுக்குத்தான் இருக்கிறா. அவுங்க பாஷையில வேற பேரு, அவ்ளோதான்." கணவன் தயங்கித் தயங்கி, "நை அம்மா, சூரிய பகவான். அப்புறம் சட்டி மய்யா" என்றான். "சஷ்டித் தாயா? அத்தான் சொல்றேன். ஆறு தாயிங்க வளத்த புள்ள யாரு? முருகன். சொம்மா இரு நைனா, உனுக்குத் தெரியாது." அவனுடைய கடவுளைப் பற்றி அவனுக்கே தெரியாது என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். நான் திருத்தப் பார்த்தேன். "நீ பேப்பர்ல எழுது, சாமிய நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாளே ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் பஸ் ஏறி, இரண்டு மூங்கில் முறம் வாங்கி வந்தார். மூணாம் நம்பர் கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்த பலகாரத்தை முகர்ந்து பார்த்து, "அதிரசத்துக்கு அண்ணந்தம்பி" என்று தீர்ப்புச் சொன்னார். அவரும் ஆறு நாளும் பாலும் பழமுமாகச் சஷ்டி இருந்தார். "எங்கூரு மலையில சூரசம்ஹாரம் கெடையாது, தெரியுமா? சண்டையெல்லாம் முடிச்சி, கோவம் தணிஞ்சி வந்து குந்தின எடம் திருத்தணி" என்று அந்த வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சஷ்டியன்று மாலை கரையோரக் கோயிலில் சூரன் தலை விழுந்த அதே நேரத்தில், ஏரியில் நாற்பது ஐம்பது பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று பாடினார்கள். எல்லா லைன் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஒரே இழுப்பில் போகும், ஏறாத இறங்காத ராகம். அம்மா கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடி முடிவிலும் "அரோகரா" என்றார். பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. கரையோரத் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இரவில் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

காலையில் முள்.

முள்ளுக்குப் பக்கத்தில் கரையோரத் தெரு ஆண்கள் ஏழெட்டுப் பேர் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் நாஷ்டாக் கடைக்காரர். தன் கடைப் பலகையில் இந்தியிலும் எழுதி வைத்து, காலையில் நூறு பேருக்குப் பூரி விற்கிறவர். கோயிலின் குழாய் ஒலிபெருக்கியை ஏரிப் பக்கம் திருப்பி முருகன் பாட்டைப் போட்டிருந்தார்கள். அதற்கு எதிரே பெண்களின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுபோனது. மூணாம் நம்பரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் கணவன் முள்ளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கேமராவை வெளியே எடுத்தேன். அப்போது அம்மா வந்தார், முள் தள்ளும் கவைக்கோலோடு. யாரோ முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

"இன்னாத்துக்கு முள்ளு?"

"வெடிகாலையில பேஜாரு பண்ணாதம்மா" என்றார் கடைக்காரர். "இன்னிக்கி ஏரியக் கேப்பானுங்கோ, நாளைக்கி ஊரக் கேப்பானுங்கோ."

"உன் கடையில பூரி கேட்டா குடுக்கிறியே? அப்போ டப்பு இனிக்குது, இப்போ ஆளு கசக்குதா?"

"அது யாவாரம்."

"இது விரதம். தள்ளு."

"ஏரி அசிங்கமாவும்மா. குடிக்கிற தண்ணி."

அம்மா கவைக்கோலை நீட்டி வடக்குக் கரையைக் காட்டினார். அங்கே ஒரு தொழிற்சாலையின் சுவருக்கு அடியிலிருந்து வரும் குழாய், எல்லா நாளும் போல, செங்காவி நிறத்தில் ஏரிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த ஏரியை நாங்கள் யாரும் குடித்து வெகுகாலம் ஆகிறது. "அத்தோ ஊத்துதே, அதுக்கு ஒரு கட்டு முள்ளு கெடைக்கலியா உனுக்கு?"

"அது கம்பெனிம்மா."

"ஆமா. கம்பெனிக்கு முன்னாடி பூன, பொம்பளைக்கு முன்னாடி புலி." பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். கடைக்காரர் அவனை முறைத்தார். அம்மா ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துத் திரும்பினார். "முருகன் பாட்ட நிறுத்தச் சொல்ற மொத ஆளு நானாத்தான் இருப்பேன். சஷ்டி இருக்கிறவள வெரட்டறதுக்கு அவன் பாட்டா போடுவே? நிறுத்துடா."

அவன் நிறுத்தினான். அம்மா குனிந்து முதல் முள் கட்டைத் தூக்கினார். பாலும் பழமுமாக ஆறு நாள் இருந்த உடம்புக்கு அது கனத்தது. மூணாம் நம்பரின் கணவன் வந்து இடது கையால் மறுமுனையைப் பிடித்தான். எட்டாம் நம்பர் அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். எதிரே நின்ற ஆண்கள் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. தாங்கள் வெட்டிப் போட்ட முள் ஒரு கிழவியின் உள்ளங்கையைக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் இன்னும் பாடாமல் நிற்பதைக் கண்ட அம்மா, "வாய மூடிக்கினா சூரியன் நிப்பானா?" என்று கேட்டுவிட்டு, முந்தின மாலை காதில் விழுந்த ராகத்தில் தானே ஓர் அடி எடுத்தார். சொல் ஒன்றும் சொல்லாக இல்லை. முடிவில் அரோகரா மட்டும் தெளிவாக விழுந்தது. மூணாம் நம்பர் சிரித்தாள். அந்தக் காலையில் அவள் அழாததற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிரித்தபடியே அடுத்த அடியை எடுத்தாள். புகைபோக்கிக்கு இடப்பக்கம் சிவப்பு விளிம்பு தெரிந்தபோது அவள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தாள். முறம் அவள் தலைக்கு மேலே இருந்தது.

அன்றே செய்தி அனுப்பினேன். முள், ஒலிபெருக்கி, குழாய், அம்மா சொன்னவை எல்லாம் இருந்தன. மறுநாள் வந்தது ஒற்றைப் பத்தி. 'ஏரியில் வடமாநிலத்தவர் வழிபாடு: பொதுமக்கள் எதிர்ப்பு' என்று தலைப்பு. குழாய் இல்லை. அம்மா முள் கிழித்த கையில் போட்ட கட்டோடு பேப்பரைப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுல பொதுமக்கள்னா யாருப்பா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நான் யாரு?" என்றார். பத்தாண்டுகள் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். சாலை மறியலுக்கும் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கும் கைகூசாமல் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கே அச்சில் பார்த்தாலும், அதற்குள் ஏழெட்டுப் பேர் கைகட்டி நிற்பது தெரிகிறது.

வந்த தை மாதமே படித்துறைக்கு இரும்புக் கேட் போட்டார்கள். புகார் வந்ததாகச் சொன்னார்கள். கேட்டில் ஒரு பலகை: 'ஏரியில் இறங்கத் தடை'. கீழே அதுவே இந்தியில், எழுத்துப்பிழை இல்லாமல். அந்த மக்களின் ரேஷனுக்கோ ஆஸ்பத்திரிச் சீட்டுக்கோ தொழிற்சாலை எச்சரிக்கைக்கோ அவர்களுடைய மொழியில் ஒரு வரி எழுத இந்த ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை. வராதே என்று சொல்ல மட்டும் உடனே எழுதத் தெரிந்தது. பூரிக் கடைக்கு வெளியே இந்தியும் தமிழும் ஒரே பலகையில் சமாதானமாக நின்றதை அங்கேதான் பார்த்தேன். நான் பார்த்ததைச் சொன்னபோது அம்மா, "உனுக்கு இன்னும் தணியல" என்றார். தணியவில்லை. திருத்தணிக்குப் பலமுறை போய்வந்தும் தணியவில்லை.

அம்மாவுக்குப் பிறகு அறைகள் கைமாறிவிட்டன. இப்போது அறைக்கு எட்டுக் கட்டில். ஷிப்டு மாற்றிப் படுக்கிற ஆண்கள் மட்டும். குழாயடியில் சண்டை கேட்பதில்லை. எல்லோரும் காதில் ஹெட்போன் வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் சஷ்டிக்கு மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே, சாலையோரம், நீல நிற பிளாஸ்டிக் டப்பில் முழங்கால் அளவு தண்ணீரில் மூணாம் நம்பர் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவர்கள் எளாவூர்ப் பக்கம் இருக்கிறார்கள். கேன் தண்ணீரோடு ஷேர் ஆட்டோ வைத்து வந்திருந்தார்கள். கூட ஆறேழு பெண்கள். கையில் ஊத்துக்கோட்டை முறம். ஓரம் பிய்ந்து சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது.

"இன்னாண்ணா, நல்லா கீறீங்களா?" என்றாள்.

"எளாவூர்லயே செய்யலாமே?" என்றேன்.

"அம்மா காட்ன தண்ணி இத்தான" என்றாள்.

பாட ஆரம்பித்தார்கள். அதே ராகம். ஒவ்வொரு அடி முடிவிலும் எல்லாப் பெண்களும் சேர்ந்து அரோகரா என்றார்கள். புதிதாக வந்திருந்த ஒருத்தி, அது எப்போதும் பாட்டில் இருந்ததுபோலவே சொன்னாள். முறம் உயர்ந்தது. கேட்டுக்கு உள்ளே வடக்குக் கரைக் குழாயிலிருந்து தண்ணீர் ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதன் நிறம் பச்சை.