சூப்பர்வைசர் சம்பளமும் கொழுப்பு மாத்திரையும்

அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னபோது வீட்டில் யாரும் பதறவில்லை. அப்பாவுக்கு சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் வேலை. சம்பளத்தில் ஏதோ சொற்பம் பிடித்துக்கொண்டு தொழிலாளர் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டி வரிசையில் நின்றால் மாத மாத்திரையை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். காசு என்ற பேச்சே கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சொந்தபந்தம் அத்தனைக்கும் லட்டு கொடுத்தோம். காடு தோட்டத்தை விட்டு மில்லுக்குப் போனவன் என்று வருஷக்கணக்கில் நக்கலடித்த பெரியப்பாவே வேட்டி துண்டோடு வீடு தேடி வந்தார்.

கொஞ்ச மாதத்தில் கார்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் கார்டுக்கான வரம்பைத் தாண்டிவிட்டதாம். அதே மாத்திரையை அம்மா மருந்துக் கடையில் கேட்டாள். ஒன்றின் விலைக்கு ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிடலாம். மாதத்துக்குக் கணக்குப் போட்டால், ஏறிய சம்பளம் மொத்தமும் பத்தவில்லை. அடக் கொடுமையே, இதற்கா லட்டு கொடுத்தோம்!

அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்க ஆரம்பித்தார். பிறகு அதிலும் பாதி. அம்மா பொறுக்காமல் மேனேஜரிடமே போய் நின்றாள்.

"ஐயா, அவருக்குப் பழைய வேலையவே குடுத்துருங்க. கார்டாவது இருக்குமுங்க."

அந்த மனுசன் சிரித்தான். சிரித்ததோடு விட்டானா? மில் பூராவும் சொல்லி வைத்தான். மறுநாள் அப்பாவுக்குக் கீழே வேலை செய்கிறவனே கேட்டிருக்கிறான்: "ஏனுங்க, ஊட்ல அம்மணி உங்களக் கீழ எறக்கச் சொல்லுச்சாமா?"

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் நின்று, மிச்சமிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டார். அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டார்.

"என்ற மானத்த வித்து நான் மாத்திரை திங்கோணுமா?"

"உசுருக்கு மேல என்னங்க மானம்?" என்று அம்மா அழுதாள். அதன்பிறகு ஒரு மாத்திரைகூட அப்பா தொடவில்லை. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

சித்திரை வெக்கையில், மில்லுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெரியப்பா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். அப்பா பேரைவிட 'சூப்பர்வைசர்' என்பதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அம்மா அவரிடம் கேட்டாள்: "இதுக்கு எவ்வளவுங்க மாமா ஆச்சு?"

பெரியப்பா பெருமையாகத் தொகையைச் சொன்னார்.

"ரெண்டு மாசத்து மாத்திரைங்க அது."

"எளவு ஊட்ல பேசற பேச்சா இது?" என்றார் பெரியப்பா. கூடியிருந்த அத்தனை பேரும் அம்மாவைத்தான் முறைத்தார்கள்.