கோல் விழக் கூடாது

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தருமபுரிக் கல்லூரி மைதானத்தில் கால்பந்துப் போட்டி என்றால், ஜவுளிக்கடை வேலைக்கு மட்டம் போட்டுவிடுவேன். சட்டையில் ரிப்பன் பேட்ஜைக் குத்திக்கொண்டு, வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைக்கும் வாலண்டியர் நான். மாணவனும் இல்லை, கூலியும் இல்லை. பந்துப் பைத்தியம், அவ்வளவுதான். இண்டூரிலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். "கொஞ்சம் ஒண்டி உக்காருங்க" என்று அவர்களை அதட்டுவதில் எனக்கு ஒரு சுகம்.

சேலத்துக் கல்லூரியோடு நடந்த இறுதி ஆட்டத்துக்குத்தான் முதல் தடவையாக என் மனைவியைக் கூட்டிப்போனேன். அவளுக்கு ஏழு மாதம். வேப்பமர நிழல் விழுகிற இடம் என்று கேலரியின் உச்சி வரிசைக்கு ஏற்றினேன். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானுங்க ஆவணும்" என்று சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்தபடி ஏறினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றைய கேலரி என்பது சவுக்குக் கம்பும் பலகையும் தேங்காய்நார்க் கயிறும்தான். மழையில் நனைந்த கயிறு வெயிலில் காய்ந்தால் கட்டு தளரும். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் பந்தல்காரர் அடியில் புகுந்து முடிச்சுகளை எல்லாம் இறுக்கிவிட்டு வருவார். முந்தின நாள் நல்ல மழை. ஆனால் பெரிய ஆட்டம் என்பதால், இடம் போய்விடுமே என்று அன்று அவரே முடிச்சுகளைப் பார்க்காமல் நேரத்தோடு கீழ் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முடிகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. கேலரியே எழுந்து நின்றது. கேலரி ஓரமாகக் கீழே நின்றிருந்த எனக்குக் கம்பு முனகுவது கேட்டது. குனிந்து பார்த்தேன். பலகைகளைத் தாங்கி நின்ற நடு முட்டுக் கம்பின் முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா? கோல் விழுந்தால் பலகை மேல் ஏறிக் குதிப்பார்கள். கூச்சல் போட்டு எச்சரித்தாலோ எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி ஓடுவார்கள். எப்படியும் கேலரி சரியும். உச்சியில் அவள் இருக்கிறாள். அடியில் புகுந்து முட்டுக்குத் தோள் கொடுத்தேன். பலகைச் சந்து வழியே பந்தல்காரரின் காலைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, முட்டு நழுவுதுங்க. எறங்கி வாங்க."

"த்தோ வந்தர்றேன். பெனால்டி முடிஞ்சுரட்டும்."

"எம்பொண்டாட்டி மேல இருக்கறாண்ணே."

காலை உதறிக்கொண்டார். தீர்த்தமலை ஈசனே, பந்து வெளியே போகட்டும், பெனால்டி அடிக்கப்போகிற எங்கள் கல்லூரிப் பையன் தோற்கட்டும் என்று வேண்டினேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் வேண்டுவேன் என்று யார் சத்தியம் செய்து சொல்லியிருந்தாலும் அதுவரை நம்பியிருக்க மாட்டேன்.

பந்து கம்பத்துக்கு மேலே போனது.

ஒருவரும் குதிக்கவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். பந்தல்காரர் திட்டிக்கொண்டே இறங்கி வந்து, முட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்க் கயிற்றை இறுக்கினார். நான் மேலே ஏறி அவளை ஒவ்வொரு வரிசையாக இறக்கி, மண்ணில் உட்கார வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் ஆட்டம் முடிந்து, பெனால்டியைத் தவறவிட்ட பையன் கோல் கம்பத்தடியில் குப்புறக் கிடந்தான். அவன் மேல் செருப்புகள் வந்து விழுந்தன. ஓடிப்போய் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். எழுந்தவன் என்னைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"நீங்களும் கிண்டல் பண்றீங்களாண்ணா?"

விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. இன்னும் ரெண்டு அறை கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.