ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வக்கீல்

நான் திவாலானது கம்பளித் துணியால். பாகூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன், சேலையும் வேட்டியும் விற்றுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் எல்லாரும் கோட்டுத் தைத்துப் போடுவார்கள் என்று நானாகவே கண்டுபிடித்து, புதுச்சேரி மொத்த வியாபாரியிடம் கடனுக்குக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கினேன். எங்கள் ஊர் வெயிலில் சட்டை போடுகிறவனே அபூர்வம். மூன்று கோடை போயிற்று. அந்தத் துணியைப் பூச்சி மட்டும்தான் விரும்பி வந்து தொட்டது.

வியாபாரி கோர்ட்டுக்குப் போகிறார் என்று சேதி வந்தது. கடை போனால் போகட்டும், குடியிருக்கிற வீட்டையும் ஏலம் போட்டுவிட்டால்? மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? மஞ்சக் கடுதாசி கொடுத்து, அதாவது இனி என்னால் ஆகாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்து, வீட்டையாவது காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும்.

"ஏங்க, அது எங்கப்பா எனக்கு எழுதி வச்ச வூடு. அத்த இன்னாத்துக்கு அவங்க..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"கோர்ட்டு விஷயம் உனக்கு இன்னாடி தெரியும்? சும்மா இரு" என்றேன். எனக்கு என்னவோ கரைத்துக் குடித்த மாதிரி.

புதுச்சேரிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அங்கே கோர்ட்டு வாசலில் எங்கள் ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். போதாததற்கு அங்கே வக்கீலை அவொக்கா என்பார்கள். அந்தப் பெயருக்கே தனியாகக் காசு கேட்பார்கள் என்று எனக்குப் பயம். கடலூரோ, பெண்ணையாற்றைத் தாண்டினால் வந்துவிடும். அது இங்கிலீஷ்காரன் ஆட்சி, எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ஆட்சி என்பது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் வெல்லம் வாங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் ஆற்று மணலில் நடந்தே போய்வந்த எனக்கு, அதை இன்னொரு தேசம் என்று நினைக்கத் தோன்றவில்லை.

மனைவி கையில் நாலு பொன் வளையல் இருந்தது. இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள். கடலூரில் விற்று வக்கீலுக்குக் கட்டினேன். எந்த ஊர் என்று அவர் கேட்டபோது, விஷயம் பாகூருக்கு எட்டக் கூடாதென்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த என் அத்தை மகன் ஊரைச் சொன்னேன். என்னைப் புத்திசாலி என்று நானே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அது. அவர் மனுப் போட்டு, முத்திரை குத்திய ஒரு தாளைக் கையில் கொடுத்தார்.

மறுவாரம் வியாபாரியின் கணக்குப்பிள்ளை கோர்ட்டு ஆளோடு கடைக்கு வந்தார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. தாளை எடுத்து நீட்டினேன்.

அவர் முத்திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது இங்கிலீஷ்காரன் கோர்ட்டு. ஆத்துக்கு அந்தாண்ட போயி காட்டுப்பா."

பிறகு அவொக்காவிடமே போனேன். இந்தத் தடவை மனைவியும் கூட வந்தாள். சொத்து என்னென்ன என்று கேட்டுக்கொண்டே வந்த அந்தப் பெரியவர், "வூடு யார் பேர்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் துணி மூட்டையிலிருந்து பத்திரத்தை எடுத்து வைத்தாள்.

அவர் படித்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார். "இது உங்க சீதனம்மா. இவரு கடனுக்கு இதுல யாரும் கை வைக்க முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் எந்த வூட்டக் காப்பாத்தறதுக்குக் கடலூர் போனீர்?"

நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பத்திரத்தை மடித்து மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கடையை ஒப்படைத்து மனு எழுத அவருக்குக் கட்ட வேண்டியதற்கு, மிச்சமிருந்த இரண்டு வளையலையும் அன்றே விற்றோம்.

மாட்டு வண்டியில் ஊர் திரும்பி, வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன். குரல் அப்படி வரவில்லை.

"காலக் கழுவிட்டு வாங்க" என்று சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். ஊற்றிய கையில் கண்ணாடி வளையல் மட்டும் இருந்தது.