வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

இந்த ஊரில் ஒரு மாத்திரை போட வேண்டுமென்றால் முதலில் குளிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். மலாயாவில், நம் ஈப்போவில் உட்கார்ந்து ரொட்டியைக் கோப்பியில் தொட்டுத் தின்றுகொண்டே இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். நான் திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷமாகிறது, எனக்கே இன்னும் பிடிபடவில்லை. விடிவதற்குள் எழுந்து, உடம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று, விழுப்புரத்து டாக்டரம்மா கொடுத்த விட்டமின் மாத்திரையைக் கண்ணில் ஒற்றி விழுங்க வேண்டும். அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்கக் கூடாது. விழுங்கிய பிறகும் வெயில் நன்றாக ஏறும்வரை எதுவும் தின்னக் கூடாது. டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னது என் அத்தை. மாமியாரும் அவர்தான், என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காளும் அவர்தான்.

போன வருஷம் எனக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. இந்த முறை டாக்டரம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்ததுமே முகம் சுருங்கினார். உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே இருந்தால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று நேராகச் சொல்லிவிட்டார். இரும்புச் சத்தும் விட்டமினும் சேர்ந்த மாத்திரையாம். கூட்டமான கூட்டம். கம்பவுண்டர் ஜன்னல் வழியாகக் காகிதப் பொட்டலத்தை நீட்டி, "காலையில ஒண்ணு. அடுத்தது யாரும்மா?" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது அத்தை ஒரே முடிவாகச் சொன்னார்: "காலையிலன்னா வெறும் வயித்துலதான். வேற எதுக்குக் காலையிலன்னு சொல்றாரு?" அவருக்குத் தெரிந்த மருந்தெல்லாம் அப்படி. லேகியமோ சூரணமோ, வெறும் வயிற்றில் தின்று, உப்பும் புளியும் தள்ளிப் பத்தியம் இருந்தால்தான் அது மருந்து. எனக்கு எது தெரியும்? தலையை ஆட்டினேன்.

ஐயோ, அந்தக் காலைகளை எப்படிச் சொல்வேன்! மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசைந்து முறுக்கும். கிணற்றடிக்கு ஓடுவேன். அத்தை பின்னாலேயே வந்து நெற்றியைப் பிடித்துக்கொள்வார்.

"வரட்டும் வரட்டும். அந்த ஊரு தண்ணிதான் வெளிய வருது. அது போனாத்தான் மருந்து புடிக்கும்."

"மாத்திரையே வெளியே வந்திருச்சே அத்தை!"

"அப்ப இன்னொண்ணு போடு."

இன்னொன்றும் வெளியே வரும். தங்கிய நாட்களில் மலம் கரியாகப் போனது. பயந்துபோய் அத்தையிடம் சொன்னால், அதுவும் மலாயாவில் தின்ற அழுக்குதான் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது மசக்கையா, மாத்திரையா, இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரா? என் உடம்புதான் இந்த மண்ணை வேண்டாமென்கிறதா? மாத்திரையை நிறுத்தினால் பிள்ளை போய்விடும். போட்டால் உடம்பில் ஒட்டுவதில்லை. யாரைக் கேட்பது? புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்போதெல்லாம் எங்கள் தோட்டத்து டிரஸர் நினைவுக்கு வருவார். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. டாக்டர் இல்லாத இடத்தில் அவர்தான் டாக்டர். காலையில் பெரியவர்கள் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்த பிறகு, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக் கொட்டகை முன்னால் நிறுத்தி மீன் எண்ணெய் ஊற்றுவார். அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. ஆனால் முதலில் ஆளுக்கொரு துண்டு ரொட்டியும் பாலும் கொடுப்பார். தின்று முடித்தவர்களுக்குத்தான் எண்ணெய். அந்த ரொட்டியைக் கொடுத்து நம்மை ஏமாற்றி வாயைத் திறக்க வைக்கிறார் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். கிணற்றடியில் குனிந்து நின்ற ஒரு காலையில், அந்த ரொட்டி வேறு எதற்காவது இருக்குமோ என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? ரொட்டி என்றாலே அவருக்குக் காய்ச்சல்காரர் சாப்பாடு.

டாக்டரம்மா மறுபடி வரச்சொன்ன நாளில் விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் குளிக்க நேரமில்லை. குளிக்காமல் மாத்திரை போடக்கூடாது என்று அத்தை சொன்னதால் அதைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். மயிலம் ஸ்டேஷனில் ரயில் நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி, இந்த ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவித்தது ஒரு பொட்டலம் வாங்கிவந்து என் மடியில் போட்டார். அத்தை மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பசி காதை அடைத்தது. கைகொள்ளும் மட்டும் உரித்துத் தின்றேன். அதே வேகத்தில் முடிச்சை அவிழ்த்து மாத்திரையையும் விழுங்கிவிட்டேன். முண்டியம்பாக்கம் தாண்டியது. விழுப்புரமே வந்துவிட்டது. வாந்தி வரவில்லை. வயிறு என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்தேன். மாத்திரை போட்டதை இருவரிடமும் சொன்னேன்.

"பாத்தியா? இப்பத்தான் முருகன்கிட்ட சொன்னேன், ஒடனே கேட்டுக்கினான்" என்றார் அத்தை.

"மல்லாட்டை துன்னதாலதாம்மா" என்றார் மகன்.

"வாய மூடுடா."

முருகனா மல்லாட்டையா என்று எனக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வெறும் வயித்துல போட்டா குமட்டாம இன்னா பண்ணும்? வயிறு நிறைய சாப்பிட்டுட்டுத்தான் போடணும். கறுப்பாப் போறது இரும்புச் சத்தால, பயப்படாதே."

அத்தை விடவில்லை. "சாப்பிட்ட வயித்துல போட்டா சோத்தோட சோறா பூடுமேம்மா. பத்தியம் இல்லாம மருந்து எப்படிப் புடிக்கும்?"

"பத்தியமெல்லாம் வேணாம். உப்பு, புளி, மீனு எல்லாம் நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. திரும்பும் ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், போன வருஷம் நான் வலியில் படுத்திருந்த மூலையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். அது கோபமில்லை, பயம். நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே!

மறுநாள் காலை அத்தை இரண்டு தட்டு வைத்தார். எனக்குச் சுடுசோறும் மீன்குழம்பும், ஓரத்தில் மாத்திரை. அவர் தட்டில் வெறும் சோறும் கொஞ்சம் பாலும்.

"இன்னா பாக்கற? மாத்திரைய நீ போடு. பத்தியம் நான் இருக்கறேன்."

"நீங்க எதுக்கு அத்தை?"

"யாராச்சும் ஒருத்தர் இருக்கணும் இல்ல? ஜல்தி துன்னு, ஆறிப்பூடும்."

ஈப்போவாக இருந்தால் வாதாடியிருப்பேன். இங்கே சோற்றைக் குழம்பில் பிசைந்து தின்றேன். அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அத்தை உப்பைத் தொடவில்லை. குளித்து, கிழக்கு பார்த்து, எனக்காக உப்பில்லாத சோறு தின்றார். என் கண்ணிமையின் உட்புறம் ரத்தம் ஏறிச் சிவந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் புகழ்ந்தார். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மாத்திரையா பத்தியமா, எது பிடித்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெண் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். அத்தை அவளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் கிடத்தி, நேரே அடுக்களைக்குப் போய் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயை வாயில் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "யப்பா, இன்னா உப்பு!" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

இப்போது எனக்குப் பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம். டாக்டரம்மா மாத்திரையையும் நிறுத்தவில்லை. காலையில் அத்தை கொண்டுவரும் உப்பில்லாத சோற்றை முழுக்கத் தின்றுவிட்டு, அதன்மேல் மாத்திரையை விழுங்குகிறேன். தின்ற பிறகு மருந்து, அது தோட்டத்து வழக்கம். தின்பது பத்தியச் சோறு, அது திண்டிவனத்து வழக்கம். இரண்டும் என் ஒரே வயிற்றில் கிடக்கின்றன. அத்தை எதிரே உட்கார்ந்து ஊறுகாயை நக்கிக்கொண்டே, "குமட்டுதா?" என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டுகிறேன்.